பாசிக்கு மருந்தாக வந்து ஏரிக்குப் போகும் மீன்

சென்னைக் கொளத்தூர் வண்ண மீன் கடைகளிலிருந்து செடி நட்ட மீன் தொட்டிகள் வாங்கி வந்து அழகு பார்க்கும் பழக்கம் அண்ணனூர் அடுக்குமாடி வீடுகளிலும் பரவிவிட்ட இந்நாளில், கண்ணாடியில் பச்சை படர்ந்த மாத்திரத்தில் எவரும் சொல்லும் பரிகாரம், ஒரு சக்கர் மீனை வாங்கி விடுங்கள் என்பதுதான்.

ஜன்னல் வெயிலும், நள்ளிரவு வரை எரியும் விளக்கும், மீன்கள் தின்னாது விட்ட தீனி அழுகிப் பெருக்கும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கூடுமிடத்தில் பாசி தோன்றுவது இயற்கை. ஆகையால் விளக்கை நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேரத்தோடு நிறுத்தி, ஓரிரு நிமிஷத்தில் தீர்ந்துபோகும் அளவே தீனி இட்டு, வாரந்தோறும் கால் பங்கு நீரை மாற்றி, ஹைட்ரில்லா, வாலிஸ்நேரியா போன்று துரிதமாக வளரும் செடிகளை முதல் நாளே நெருக்கமாக நட்டுவிட்டால், பாசிக்குப் போக வேண்டிய சத்தை அச்செடிகளே கிரகித்துக்கொள்ளும். ரசாயனத் துளிகள் விரைவில் பலன் தரும் என்பாரும் உண்டு. காரணம் அப்படியே இருக்க, பாசி திரும்பி வரும்.

சக்கரின் கதை வேறு. தென் அமெரிக்க நதிகளைப் பூர்விகமாகக் கொண்ட இம்மீன், விரல் நீளத்தில் விலைக்கு வந்து, ஒன்றரை அடி வரை வளரக்கூடியது. வளர வளரப் பாசியை விட்டு மற்ற மீன்களின் தீனியை நாடி, செடிகளின் வேரைக் கிளறி, தன் கழிவினாலேயே பாசிக்கு உரமும் இடுகிறது. கொல்ல மனம் வராத ஜீவகாருண்யத்தால் வீட்டுக்காரர் அதை வாளியில் எடுத்துப்போய் ஏரியில் விடுகிறார். புண்ணியம் என்றுதான் எண்ணுகிறார், பாவம்!

தமிழகத்து நீர்நிலைகளில் இம்மீன் ஏற்கெனவே குடியேறிவிட்டது. பிராணவாயு குன்றிய சாக்கடை நீரிலும் மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைப்பதும், கரையில் வளை தோண்டி முட்டையிடுவதும், எலும்புத் தகடு போர்த்த உடலும் முள்ளும் கொண்டு வலையைக் கிழிப்பதும் இதன் சுபாவம். அம்பத்தூர் ஏரியின் உபரி நீர் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து ரெட்டேரிக்கும் செல்வதாகையால், கொளத்தூரில் விற்று அம்பத்தூர் ஏரியில் விடப்பட்ட மீன், மழைக்காலத்தில் ரெட்டேரி வழியே கொளத்தூர் எல்லைக்கே நீந்தித் திரும்பவும் கூடும். 2015 டிசம்பர் போன்ற பெருவெள்ளத்தில் எந்த ஏரிக்குக் கரை காவல்?

மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் பாறைப் பாசியை மேயும் காரா இன மீன்கள் நமக்கே சொந்தமாக உண்டு; எனினும் ஓடும் நீருக்குப் பழகியவற்றைச் சிறு தொட்டியில் அடைப்பானேன்? வளர்ந்துவிட்ட சக்கரை வைத்திருப்போர், வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம். திரும்ப வாங்குவார்களா என்பதை விலை பேசும்போதே கேட்டுக்கொள்வது உசிதம்.