நிறை, எடை, திணிவு: ஒரு சொற்குழப்பத்தின் இயற்பியல்

போன வருடம் சிறுவர்களுக்கான அறிவியல் நூலொன்றின் தமிழாக்கத்துக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுத்தேன். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு ஒற்றுப்பிழை தெரிந்தால் போதும், அறிவியல் தெரியவேண்டியதில்லை என்ற நம்பிக்கையில் என்னிடம் வந்த வேலை. பிரதியில் ஓரிடத்தில் ‘இந்தக் கல்லின் நிறை 5 கிலோகிராம்’ என்றிருந்தது. எனக்கு அதில் தப்பாக எதுவும் படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்த யாழ்ப்பாண நண்பர் அந்த வரியில் நின்றுவிட்டார். “நிறையை ஏன் கிலோகிராமில எழுதி வைச்சிருக்கிறியள்? நிறை எண்டால் விசையெல்லோ. அதை நியூற்றனிலதான் சொல்ல வேணும். கிலோகிராமில சொல்லுறது திணிவை” என்றார்.

அரைமணி நேரம் சண்டை. பிறகுதான் விளங்கியது, இரண்டு பேரும் சரியாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம். ஆங்கிலத்தில் மாஸ் எனப்படுவதைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் நிறை என்கின்றன, இலங்கைப் பாடநூல்கள் திணிவு என்கின்றன. வெயிட் என்பது இங்கே எடை, அங்கே நிறை. ஒரே தமிழ்ச்சொல் பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கம் ஒரு பொருளையும் அந்தப் பக்கம் அதிலிருந்து பிரித்துக் காட்டவேண்டிய மற்றொரு பொருளையும் குறிக்கிறது. கலைச்சொல் என்பது பொருளை அப்படியே சுமந்து நிற்கும் பாத்திரம் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு உதாரணத்தைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

சொல்லை விட்டுவிட்டுப் பொருளுக்கு வருவோம். இந்தக் கட்டுரையில் தமிழ்நாட்டு வழக்கையே கையாளுகிறேன். அதற்கு உயர்வு ஒன்றுமில்லை, பழக்கம்தான். நிறை என்றால் மாஸ், எடை என்றால் வெயிட்.

இரண்டு உழைப்பாளிகளை எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் ஐம்பது கிலோ அரிசி மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு நிற்கிறார். நடக்கவில்லை, சும்மா நிற்கிறார். அப்போதும் அவர் முதுகு நோகிறது. பூமி அந்த மூட்டையைக் கீழே இழுக்கிறது, இவர் உடம்பு அதைத் தாங்குகிறது. அந்த இழுப்புதான் எடை. அது ஒரு விசை. ஐம்பது கிலோ மூட்டையைப் பூமி ஏறத்தாழ 490 நியூட்டன் விசையோடு இழுக்கிறது. நிறையை 9.8 ஆல் பெருக்கினால் எடை, அவ்வளவுதான் கணக்கு.

இன்னொருவர் அதேபோலப் பத்து மூட்டைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிச் சமதரையில் தள்ளுகிறார். மூட்டைகளின் எடையைச் சக்கரமும் தரையும் தாங்கிக்கொள்கின்றன, இவர் எதையும் தூக்கவில்லை. ஆனாலும் நின்ற வண்டியைக் கிளப்பப் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கிறது. கிளம்பிவிட்டால் இலகு. குறுக்கே ஒரு குழந்தை ஓடிவந்தால் நிறுத்துவது கிளப்பியதை விடப் பெரும்பாடு. இதில் ஒரு பங்கு உராய்வு. மிச்சமெல்லாம், இருக்கும் நிலையை மாற்றவிடாமல் பொருள் காட்டுகிற பிடிவாதம். இந்தப் பிடிவாதத்தின் அளவுதான் நிறை. நின்றால் நின்றபடி, ஓடினால் ஓடியபடி. அதன் வேகத்தையோ திசையையோ மாற்ற எவ்வளவு பாடுபட வேண்டும் என்பதைச் சொல்வது நிறை.

இந்த இரண்டு பேரையும் நிலவுக்கு அனுப்பிப் பாருங்கள். அங்கே ஈர்ப்பு பூமியில் உள்ளதில் ஆறில் ஒரு பங்கு. மூட்டை சுமப்பவருக்கு எட்டுக் கிலோ சுமப்பதுபோல இருக்கும். வண்டிக்காரருக்கோ உராய்வு குறைந்த லாபம் மட்டும்தான். அதே வண்டியை அதே நேரத்துக்குள் அதே வேகத்துக்குக் கொண்டுவர அதே தள்ளு தள்ள வேண்டும். எடை இடத்துக்கு இடம் மாறும், நிறை மாறாது என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த வாக்கியத்தின் உள்ளடக்கம் இதுதான்.

இதில் ஒரு தவறான புரிதல் நம்மிடையே பரவலாக இருக்கிறது. விண்வெளி நிலையத்தில் வீரர்கள் மிதப்பதற்குக் காரணம் அங்கே ஈர்ப்பு இல்லாதது என்பார்கள். அப்படியில்லை. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் பூமியின் ஈர்ப்பு தரையில் இருப்பதில் ஏறத்தாழ தொண்ணூறு சதவிகிதம் அப்படியே இருக்கிறது. நிலையமும் ஆளும் சேர்ந்தே பூமியைச் சுற்றி விழுந்துகொண்டிருப்பதால் ஒன்றை ஒன்று தாங்கவேண்டிய தேவை எழுவதில்லை. அங்கே எடை பார்க்கும் மெஷின் சுழியம் காட்டும். ஆனால் ஆள் இளைத்தாரா என்று தெரியவேண்டுமே. 1973இல் ஸ்கைலாப் நிலையத்தில் இதற்கொரு நாற்காலி வைத்திருந்தார்கள். ஸ்பிரிங்கோடு பிணைத்த நாற்காலி. ஆள் உட்கார்ந்ததும் அது முன்னும் பின்னும் ஆடும். நிறை கூடினால் ஆட்டம் மெதுவாகும். ஓர் ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் என்று பார்த்து நிறையைச் சொன்னார்கள். எடையே உணரப்படாத இடத்திலும் நிறை தன் பிடிவாதத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இனி தராசுக்கு வருவோம். சென்ற மாதம் வீடு மாறும்போது பல வருடச் சிறுபத்திரிகைகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டேன் (கல்நெஞ்சன் என்று யாரும் எழுதவேண்டாம், புது வீடு ஒற்றை அறை). கொக்கியில் மாட்டிய ஸ்பிரிங் தராசைத் தூக்கிப்பிடித்து, “இருபத்திரெண்டு கிலோ சார்” என்றார். அவர் கையிலிருந்த கருவி கிலோவை அளக்கவேயில்லை. பூமி என் பத்திரிகைக் கட்டை இழுத்த இழுப்பில் ஸ்பிரிங் எவ்வளவு நீண்டது என்பதைத்தான் அளந்தது. நீட்சிக்குப் பக்கத்தில் யாரோ கிலோ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மின்னணுத் தராசும் இதே இனம்தான். தட்டின் மீது விழும் விசையை உணர்ந்து, அதற்குள் பதித்துவைத்த ஓர் எண்ணால் வகுத்து, கிலோ என்று காட்டுகிறது.

பழைய இரட்டைத்தட்டுத் தராசின் கதை வேறு. ஒரு தட்டில் பண்டம், மறு தட்டில் எடைக்கல். பூமியின் இழுப்பு கூடினாலும் குறைந்தாலும் இரண்டு தட்டுக்கும் ஒன்றாகவே கூடும், குறையும். ஆகவே நிலவில் கொண்டுபோய்ப் பிடித்தாலும் முள் நடுவிலேயே நிற்கும். அது ஒப்பிடுவது நிறையை.

இது வெறும் புத்தக வேறுபாடு அல்ல. 1672இல் ழான் ரிஷே என்கிற பிரெஞ்சு வானியலாளர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்திலுள்ள கயேனுக்குப் போனார். பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. ஊசலைச் சற்றுக் குட்டையாக்கித்தான் சரிசெய்ய முடிந்தது. பூமியின் இழுப்பு எல்லா இடத்திலும் ஒன்றில்லை என்பதற்குக் கிடைத்த முதல் சாட்சியங்களில் இது ஒன்று. பூமி சுழல்வதாலும் நடுவில் பருத்திருப்பதாலும் நிலநடுக்கோட்டில் இழுப்பு துருவத்தைவிடச் சுமார் அரை சதவிகிதம் குறைவு. டெல்லியில் சரிபார்த்த மின்னணுத் தராசை அப்படியே சென்னைக்குக் கொண்டுவந்து ஒரு கிலோவை வைத்தால் ஏறத்தாழ ஒரு கிராம் குறைத்துக் காட்டும். கத்தரிக்காய்க்கு இது ஒன்றுமில்லை. தங்கத்துக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல முடியுமா?

மறுபடியும் சொல்லுக்கு வருகிறேன், என் தொழில் அதுதானே. எடு என்பதிலிருந்து எடை. தூக்குகிறவரின் கை அந்தச் சொல்லில் இருக்கிறது. நிறு என்பதிலிருந்து நிறை. நிறுத்துப் பார்க்கிற தராசு அதில் இருக்கிறது. கை உணர்வது விசையை, தட்டுத் தராசு ஒப்பிடுவது மாஸை. அந்த வகையில் தமிழ்நாட்டுச் சொற்கள் பொருந்திவிடுகின்றன. திணி என்பதிலிருந்து திணிவு. எவ்வளவு பொருள் உள்ளே திணிந்திருக்கிறது என்ற கேள்வி அதில் இருக்கிறது. நியூட்டன் 1687இல் வெளியிட்ட ‘பிரின்சிப்பியா’வின் முதல் வரையறையே பொருளின் அளவு பற்றியதுதான், அடர்த்தியையும் கன அளவையும் சேர்த்துப் பெறுவது அது என்றார். இலங்கைச் சொல் நியூட்டனுக்குக் கிட்டே நிற்கிறது. இதை வைத்துக்கொண்டு ‘பார்த்தீர்களா, நம் முன்னோருக்கு எல்லாம் தெரிந்திருந்தது’ என்று யாராவது கிளம்பினால் அதில் எனக்கு உடன்பாடில்லை. எடை, நிறை என்ற சொற்கள் பழசு. அவற்றுக்கு இடையே இந்த வேறுபாட்டைப் பதித்தது புதுசு. வழக்கில் இரண்டும் ஒன்றாகவே புழங்கின, இன்றும் புழங்குகின்றன.

நம் வட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு தோழர் உற்சாகமாகிவிட்டார். “அப்போ எடைங்கிறது உறவு, நிறைங்கிறது சாரம். நீங்க சாரவாதத்துக்குப் பின்கதவு திறந்துவிடுறீங்க” என்றார். நல்ல கேள்வி. ஆனால் நியூட்டனின் வரையறையில் ஓட்டை இருப்பதை 1883இலேயே எர்ன்ஸ்ட் மாக் காட்டிவிட்டார். அடர்த்தி என்பதே நிறையைக் கன அளவால் வகுத்துக் கிடைப்பது. அப்புறம் அடர்த்தியைக் கொண்டு நிறையை வரையறுப்பது சுற்றிச்சுற்றி அதே இடத்துக்கு வருவது. மாக் சொன்ன மாற்று: இரண்டு பொருள்கள் ஒன்றன் மேல் ஒன்று செயல்படும்போது எது எவ்வளவு முடுக்கம் பெறுகிறது என்று பார். அந்த முடுக்கங்களின் தலைகீழ் விகிதம்தான் நிறைகளின் விகிதம். ஆக, நிறையும் உறவின் வழியாகத்தான் அறியவருகிறது. வேறுபாடு இவ்வளவே: எடை நீங்கள் நிற்கிற இடத்தோடு மாறும் உறவு, நிறை அப்படி மாறாத உறவு. உறவு என்று சொன்னதாலேயே எல்லாம் நெகிழ்ந்துவிடாது.

இரண்டும் ஏன் இவ்வளவு ஒட்டிக்கிடக்கின்றன என்பதுதான் ஆச்சரியம். தள்ளும்போது எதிர்க்கிற நிறையும் பூமி இழுப்பதற்கு இடம்கொடுக்கிற நிறையும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்று தர்க்கம் எதுவும் கட்டாயப்படுத்தவில்லை. நியூட்டன் தங்கம், வெள்ளி, ஈயம், கண்ணாடி, மணல், உப்பு, மரம், நீர், கோதுமை என்று ஊசலில் கட்டி ஆட்டிப் பார்த்தார். வேறுபாடு தென்படவில்லை. 1971இல் அப்பல்லோ 15 பயணத்தின்போது டேவிட் ஸ்காட் காற்றில்லாத நிலவில் ஒரு சுத்தியலையும் இறகையும் ஒருசேர விட்டார். இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன. சுத்தியலை அதிகம் இழுக்கிறது நிலவு, ஆனால் சுத்தியலின் பிடிவாதமும் அதே அளவு அதிகம். இந்தச் சமத்துவத்தைத் தற்செயல் என்று தள்ளாமல் 1907இல் ஐன்ஸ்டைன் பிடித்துக்கொண்டதிலிருந்துதான் அவருடைய ஈர்ப்புக் கோட்பாடு வளர்ந்தது.

கிலோகிராமுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது நிறையின் அலகு, எடை என்பதோ விசை இனத்தது என்று சர்வதேச மாநாடு முடிவாக அறிவித்ததே 1901இல்தான். 1889 முதல் பாரிஸுக்குப் பக்கத்தில் கண்ணாடிக் குடுவைக்குள் பூட்டிவைத்த பிளாட்டினம்-இரிடியம் உருளை ஒன்றே கிலோகிராமாக இருந்தது. அதன் 57ஆம் பிரதி டெல்லியில் இருக்கிறது. நூறாண்டில் மூலத்துக்கும் பிரதிகளுக்கும் இடையே சுமார் ஐம்பது மைக்ரோகிராம் வித்தியாசம் விழுந்தது. மூலம் இளைத்ததா, பிரதிகள் பெருத்தனவா? கேட்க வழியில்லை. மூலம் எப்படி இருந்தாலும் வரையறைப்படி அதுதான் ஒரு கிலோ. எல்லாவற்றையும் அளக்கிற மையம் தான் அளக்கப்படுவதிலிருந்து தப்பித்துக்கொள்வதை நாம் அரசியலில் பேசியிருக்கிறோம். உலோகத்திலும் அது நடந்திருக்கிறது. 2019 மே 20 முதல் அந்த உருளை பதவி இழந்தது. இப்போது கிலோகிராம் பிளாங்க் மாறிலிக்கு நிர்ணயித்த ஓர் எண்ணிலிருந்து வரையறுக்கப்படுகிறது.

நண்பர்கள் கேட்கலாம்: இலக்கியப் பத்திரிகையில் இதெல்லாம் எதற்கு? பறித்த பஞ்சுக்கும் கிள்ளிய கொழுந்துக்கும் எடைபோட்டுத்தான் கூலி. இன்று அந்த இடங்களிலும் மின்னணுத் தராசு வருகிறது. சிவப்பு எண்கள் மின்னினால் அதற்கு மேல் பேச்சில்லை, ‘மெஷின் சொல்லுது’ என்பார்கள். மெஷின் விசையை உணர்கிறது. அதைக் கிலோவாக மாற்றும் எண்ணை ஒரு மனிதர் பதிக்கிறார். அதைக் குறித்த காலத்துக்கொருமுறை சோதித்து முத்திரையிடவேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டம் சொல்கிறது. ஆனால் சட்டத்தைவிடக் கைக்கு எட்டுவது ஒரு முத்திரையிட்ட எடைக்கல். அதன் நிறை எந்த ஊரிலும் மாறாது. கூலி போடுமுன் அதைத் தட்டில் வைத்து, என்ன காட்டுகிறது என்று எல்லோரும் பார்க்கலாம். நிறைக்கும் எடைக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தவர்தான் அந்தக் கல்லைக் கேட்பார்.

மெய்ப்பில் நான் ‘நிறை’ என்பதை மாற்றவில்லை. கீழே ஒரு வரி சேர்த்தேன்: இலங்கையில் இதைத் திணிவு என்பர்; அங்கே நிறை என்றால் நாம் எடை என்பது. நண்பர் படித்துப் பார்த்து, “இப்ப சரி” என்றார்.