13 பைட்டுகள் 24 ஆவது எப்படி?

வெவ்வேறு வகைத் தரவுகளை ஒரே பெயரின்கீழ்த் தொகுத்து வைக்கும் அமைப்பைக் கணினியியலில் பதிவு என்றும், அதன் ஒவ்வோர் உறுப்பையும் புலம் என்றும் வழங்குவர். சி மொழி நிரல் உருவாக்கிய பதிவைப் பாஸ்கலிலோ ஃபோர்ட்ரானிலோ எழுதப்பட்ட நிரல் படிக்க வேண்டுமானால், புலங்களின் வரிசையும் வகையும் ஒத்திருப்பது போதாது. ஒவ்வொரு புலமும் நினைவகத்தில் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்பதும் இம்மியளவும் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும்.

1 பைட் எழுத்து, 8 பைட் தசம எண், 4 பைட் முழு எண் ஆகியவை இதே வரிசையில் அமைந்த ஒரு பதிவைக் கருதலாம். கூட்டினால் 13 பைட்டுகளே வருகின்றன; ஆயினும் இன்றைய 64 பிட் கணினிகளில் சி மொழியின் கம்பைலர், அதாவது மூலநிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள், இதற்கு 24 பைட்டுகளை ஒதுக்குகிறது. 8 பைட் எண் 8ஆல் வகுபடும் முகவரியில் தொடங்கினால் செயலி அதைத் திறம்பட எடுத்தாள முடியும் என்பதால், எழுத்தை அடுத்து 7 பைட்டுகள் வெற்றிடமாக விடப்படுகின்றன; இத்தகைய பதிவுகள் பல அடுத்தடுத்து அமையும்போதும் இவ்விதி காக்கப்பட வேண்டும் என்பதற்காக, இறுதியில் மேலும் 4 பைட்டுகள் சேர்க்கப்படுகின்றன. இவை நிரப்புப் பைட்டுகள் எனப்படும். 32 பிட் இன்டெல் செயலியில் இயங்கும் லினக்ஸில் தசம எண்ணுக்கு 4ஆல் வகுபடும் முகவரியே போதுமாதலால், அதே பதிவு 16 பைட்டுகளில் அடங்கிவிடுகிறது.

ஃப்ரீ பாஸ்கலில் இப்பதிவை நிரப்புப் பைட்டுகள் அற்ற செறிவுப் பதிவாக அறிவித்தால் அதன் அளவு 13 பைட்டுகளாகிறது. சி நிரல் எழுதிய கோப்பை அந்தப் பாஸ்கல் நிரல் படிக்கும்போது, நிரப்புப் பைட்டுகளையே தசம எண்ணின் தொடக்கமாகக் கொள்கிறது. பிழைச்செய்தி எதுவும் எழாமல், பொருளற்ற மதிப்பொன்று கணக்கீடுகளுக்குள் புகுந்துவிடுகிறது. இச்சிக்கலின் மிகக் கொடிய கூறு இந்த அமைதியே ஆகும். ரஸ்ட் மொழியின் கம்பைலரோ, வேறு அறிவுறுத்தல் இல்லாதவிடத்துப் புலங்களின் வரிசையையே மாற்றிக்கொள்ளும் உரிமை உடையது. ஆகவே பிறமொழியோடு பகிரும் பதிவுகளுக்குச் சி மொழியின் அமைப்பைப் பின்பற்றுமாறு வெளிப்படையாகக் குறிக்க வேண்டியுள்ளது.

2003ஆம் ஆண்டின் ஃபோர்ட்ரான் தரநிலையும் இவ்வாறே, சி மொழியோடு பிணைக்கப்பட்டதாக அறிவிக்கப்படும் பதிவுக்கு அதே அமைப்பை வழங்கும் பொறுப்பைக் கம்பைலரிடமே ஒப்படைத்தது. நிரப்புப் பைட்டுகளை நிரலாளர் கையால் எண்ணிச் சேர்ப்பதைவிட இது பன்மடங்கு மேலான வழியாகும். எனினும், ஃபோர்ட்ரான் தன் எழுத்துச்சரங்களின் எஞ்சிய இடத்தை வெற்றெழுத்துகளால் நிரப்புவதும், சி மொழி சரத்தின் முடிவை மதிப்பு 0 கொண்ட பைட்டால் உணர்த்துவதும் மாறாததால், சரங்களைப் பகிரும்போது அந்த முடிவுக்குறியை ஃபோர்ட்ரான் நிரலே சேர்த்தாக வேண்டும்.