பத்து கிலோ பாட்டு!

"இன்னா சார், உள்ள டி.வி.யா?"

கண்டாச்சிபுரத்தில் விழுப்புரம் பஸ் ஏறும் ஒவ்வொரு சனிக்கிழமையும் என் நண்பர் எதிர்கொள்ளும் முதல் கேள்வி இது. கேட்பவர் கண்டக்டர். நண்பரின் கையில் கறுப்பாக, மூலை தேய்ந்த ஒரு பெரிய பெட்டி.

"டி.வி. இல்லைங்க, அக்கார்டியன்."

"எதுவா இருந்தா இன்னா? லக்கேஜ் போட்டுக்கங்க."

நண்பருக்கு விழுப்புரத்தில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலை. திங்கள் முதல் சனி மதியம் வரை நாற்காலி. சனி ராத்திரி வந்துவிட்டால் மெல்லிசைக் குழு. திண்டிவனத்தில் கல்யாண ரிசப்ஷன், செஞ்சியில் கோயில் திருவிழா, திருக்கோவிலூரில் காதுகுத்து என்று எங்கே கூப்பிட்டாலும் போவார். அப்பா காலத்துப் பெட்டி அது. சென்னையில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அப்பா இப்போது இல்லை. பெட்டி இருக்கிறது.

முழு சைஸ் அக்கார்டியன். வலது கைக்கு 41 கட்டை, இடது கைக்கு 120 பொத்தான். எடை? வீட்டுக்குப் பக்கத்து மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தார். பத்து கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. கடைக்காரர், "அரிசியா இருந்தா ஒரு குடும்பத்துக்கு ரெண்டு வாரம் ஓடும்" என்றார்.

ஒருநாள் திண்டிவனத்தில் ரிசப்ஷன். மூன்றாவது பாட்டின் இடையிசையில், இடுப்புக்கு மேலே யாரோ கம்பியைச் சொருகினாற்போல் ஒரு வலி. குனிந்தவர் நிமிர முடியவில்லை. குனிந்த வாக்கிலேயே மேடையை ஒரு சுற்று சுற்றி நாற்காலியைத் தேடியிருக்கிறார். புது ஸ்டெப் போடுகிறார் என்று நினைத்து மாப்பிள்ளைத் தோழர்கள் விசில் அடித்தார்களாம்!

மறுநாள் டாக்டர்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"கணக்கு எழுதறேன் சார்."

"கனமா ஏதாவது தூக்குவீங்களா?"

"ஃபைல்தான் சார்..."

கூட வந்திருந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "பொய் சொல்றான் சார். வாரா வாரம் பத்து கிலோ பொட்டிய மாட்டிக்கினு ராவெல்லாம் நிக்கறான்!"

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு ஒரே வரியில் சொன்னார்: "ஒண்ணு பெட்டிய விடுங்க. இல்லே, நிக்கறதை விடுங்க."

குழுவின் தலைவர் இன்னும் சுலபமான வழி சொன்னார். "கீபோர்டுல ஒரு பட்டனைத் தட்டினா அக்கார்டியன் சத்தம் வருது. எதுக்குய்யா இந்தப் பாடு?" விற்றுவிடு என்று அர்த்தம். அன்று ராத்திரி நண்பர் தூங்கவில்லை. முதுகுவலியால் மட்டும் இல்லை.

பத்து எப்படி ஐம்பது ஆனது?

கணக்கு எழுதுபவர் என்பதால் முதலில் கணக்குத்தான் போட்டார். பத்து கிலோ அரிசியைத் தலையில் வைத்துக்கொண்டு நம்மூர்ப் பெண்கள் ஒரு மைல் நடக்கிறார்கள். இவருக்கு மட்டும் ஏன் இடுப்பு போகிறது?

கிணற்றில் ஏற்றம் பார்த்திருப்பீர்கள். நீளமான பக்கம் சின்ன எடை தொங்கினாலும், குட்டையான பக்கம் பெரிய கல்லைக் கட்டவேண்டும். முதுகிலும் அதே கதைதான். தலைச்சுமை முதுகெலும்புக்கு நேர் மேலே இருக்கிறது. அக்கார்டியனோ மார்புக்கு முன்னால் தொங்குகிறது. பெட்டியின் எடை முதுகெலும்பிலிருந்து 20 சென்டிமீட்டர் முன்னால் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் தசை, முதுகெலும்பிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. நாலில் ஒரு பங்கு தூரம் என்றால், நாலு மடங்கு இழுக்க வேண்டும். 10 கிலோவுக்கு 40 கிலோ இழுப்பு. பெட்டியின் 10 கிலோவையும் சேர்த்தால், இடுப்பு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்குக்குக் கூடுதல் பாரம் 50 கிலோ! ஒரு ஆளை முதுகில் ஏற்றிக்கொண்டு பாட்டு வாசித்த மாதிரி.

நின்றுகொண்டு வாசிப்பவர், தன்னை அறியாமல் பின்னால் சாய்ந்து சமாளிப்பார். அப்போது இடுப்பு இன்னும் வளைகிறது. இது சனி ராத்திரி. அதற்கு முந்தைய ஐந்தரை நாளும் ஆபீஸ் நாற்காலியில் கூன் போட்டு உட்கார்ந்தது தனிக் கணக்கு.

குட்டியாகப் பிறந்த குண்டு!

பிறந்தபோது அக்கார்டியன் இத்தனை குண்டு இல்லை. 1829-ல் வியன்னா நகரில் சிரில் டெமியன் என்பவர் இந்தப் பெயரில் காப்புரிமை வாங்கிய கருவி, சுலபமாக எடுத்துப் போகக்கூடிய குட்டிப் பெட்டி. ஒரு கட்டையை அழுத்தினால் ஒரு 'கார்டு' முழுதாக ஒலிக்கும். அதனால்தான் அந்தப் பெயர். பிறகு கட்டைகள் கூடின, பொத்தான்கள் கூடின, உள்ளே உலோக நாக்குகள் கூடின. எடையும் கூடியது.

நம்ம ஊர் ஆர்மோனியம் இதற்கு ஒன்றுவிட்ட சகோதரன். இரண்டிலும் காற்று பட்டு உலோக நாக்குதான் பாடுகிறது. 1940-ல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தள்ளி வைத்ததுகூட உண்டு. அக்கார்டியனுக்கு சினிமா கைகொடுத்தது. எம்.எஸ்.விஸ்வநாதன் குழுவில் மங்களமூர்த்தி வாசித்த அக்கார்டியனைக் கேட்டு வளர்ந்த தலைமுறைதான் நண்பரின் அப்பா. 1964-ல் வந்த 'சங்கம்' இந்திப் படத்தில் ராஜ்கபூர் அக்கார்டியனும் கையுமாகப் பாடிய காட்சியைப் பார்த்துவிட்டுப் பெட்டி வாங்க ஆசைப்பட்டவர்கள் எத்தனை பேரோ! நடிகருக்கு என்ன, ஷாட் முடிந்ததும் பெட்டியை வாங்கிக்கொள்ள ஆள் நிற்கும். நம்மவருக்கு மூன்று மணி நேரம்.

எங்கள் பக்கத்துத் தெருக்கூத்துக்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். விடிய விடிய ஆடுகிறவர் கிரீடமும் புஜகீர்த்தியும் சுமக்கவேண்டும். அவற்றை எடை குறைந்த கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கினார்கள். ஆர்மோனியக்காரர் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். சுமையைக் குறை, இல்லையென்றால் உட்கார். டாக்டர் சொன்னதும் அதுதானே?

முதல் வைத்தியம் செலவில்லாதது

குழுவில் தபேலா வாசிக்கும் பெரியவர் நண்பரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "தம்பி, ஸ்டாண்டு கீண்டு அப்புறம். மொதல்ல வாரைப் பாரு."

பார்த்தால், அகலம் குறைந்த பழைய தோல் வார். அதை மாற்றி, மூன்று விரல் அகலத்துக்கு மெத்தை வைத்த வார் போட்டார்கள். இடது வாரை வலதைவிடக் கொஞ்சம் குட்டையாக வைத்தார்கள். துருத்தி இழுபடும் பக்கம் இடது பக்கம் என்பதால், இல்லாவிட்டால் பெட்டி சரியும். முதுகுக்குப் பின்னால் இரண்டு வாரையும் இணைக்க ஒரு குறுக்குப் பட்டை. இது இருந்தால் வார் தோளைவிட்டு நழுவாது. நழுவும் வாரைப் பிடிக்கத் தோளைத் தூக்கியே வைத்திருப்பதுதான் பாதிக் கழுத்துவலிக்குக் காரணம்.

அடுத்து நாற்காலி. கை வைக்காத நாற்காலி. பாதம் தரையில் முழுதாகப் பதியவேண்டும். சீட்டின் முன்பாதியில் நிமிர்ந்து உட்கார்ந்து, துருத்தியை இடது தொடைமேல் வைத்துக்கொண்டால், எடை தொடைக்குப் போய்விடும். பெட்டியைத் தரையிலிருந்து குனிந்து தூக்கக்கூடாது. பெஞ்சின் மேல் வைத்து, உட்கார்ந்தபடியே மாட்டவேண்டும். இரண்டு பாட்டுக்கு ஒருமுறை கழற்றிவிட வேண்டும்.

இதிலேயே வலி பாதி குறைந்தது. ஆனால், கச்சேரிக்கு அழைப்பவர்கள் விடுவார்களா? "சார், உக்காந்து வாசிச்சா களையே இல்லை. நின்னு வாசிங்க!"

ஆக, ஸ்டாண்டு.

மைக் ஸ்டாண்டு விட்ட கும்பிடு

ஸ்டாண்டில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, பாட்டுக்குப் பாட்டு பெட்டியை இறக்கி வைக்க உதவும் தொட்டில் மாதிரியானது. இடுப்பு உயரத்தில் இருந்தால் குனிகிற வேலை மிச்சம். இன்னொன்று, அதன்மேல் வைத்தபடியே வாசிப்பது. நண்பருக்குத் தேவை இரண்டாவது.

கீபோர்டுக்கு இந்தத் தலைவலி இல்லை. பலகை மாதிரி படுத்துக்கிடக்கும். அக்கார்டியனின் வலது பாதி அசையாமல் நிற்கவேண்டும், இடது பாதி விசிறி மாதிரி விரிந்து சுருங்கவேண்டும். பெருக்கல் குறி போன்ற கீபோர்டு ஸ்டாண்டு இதற்கு ஆகாது.

முதலில் ஒரு மைக் ஸ்டாண்டில் துண்டைச் சுற்றி, பெட்டியைக் கட்டிப் பார்த்தார். ஒத்திகைதான். துருத்தியை முழுசாக இழுத்தார். ஸ்டாண்டு மெதுவாக, மரியாதையாக, இடது பக்கமாகக் குனிந்து கும்பிடு போட்டது. தபேலா பெரியவர் பாய்ந்து பிடித்தார். அப்பா வாங்கிய பெட்டி பிழைத்தது. நண்பருக்கு ஐந்து நிமிடம் கை நடுங்கியது.

கடைசியில் ஒரு வெல்டிங் பட்டறை. கேட், கிரில் செய்கிற அண்ணன். பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஒரு பாட்டு வாசி சார், பாக்கலாம்."

நண்பர் வாசித்தார். பட்டறை வேலை நின்றது. அண்ணன் பாட்டைக் கேட்கவில்லை, துருத்தியையே பார்த்தார்.

"இழுக்கறப்ப கனம் எல்லாம் சோத்தாங்கைப் பக்கமா போவுது, பீச்சாங்கைப் பக்கமா போவுது?"

"பீச்சாங்கைப் பக்கம்."

"அப்ப சைக்கிள் எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம்தானே சைடு ஸ்டாண்டு போடுவாங்க? ஒரு காலை அந்தப் பக்கம் நீட்டிட்டாப் போச்சு!"

இவ்வளவுதான் விஷயம். மூன்று கால். அதில் இடது கால் மட்டும் நீளம். நடுவில் ஏற்றி இறக்கும் குழாய். வலது பாதி உட்கார ஒரு தட்டு. பெட்டி மார்பை நோக்கிச் சாயும்படி அந்தத் தட்டுக்கு லேசான சரிவு.

ஸ்டாண்டு வாங்குபவர் கவனத்துக்கு...

நண்பர் பட்ட அனுபவத்தில், கடையில் வாங்கினாலும் பட்டறையில் செய்தாலும் பார்க்கவேண்டியவை:

1. துருத்தியை முழுக்க இழுத்துச் சோதியுங்கள். மூடிய பெட்டியைத் தாங்குவது பெரிசில்லை. விரித்த பெட்டி சாயாமல் இருக்கவேண்டும். முதல் சோதனையின்போது பக்கத்தில் ஒரு ஆள் நிற்கட்டும்.

2. பெட்டியின் எடையைப்போல் இரு மடங்கையாவது தாங்கட்டும். வாசிக்கும்போது எடையோடு இழுப்பும் சேர்கிறது.

3. உயரத்தை வெறும் திருகு மட்டும் பிடித்திருந்தால், அதிர்வில் மெல்ல இறங்கும். குழாயில் துளையிட்டு ஆணி சொருகும் ஏற்பாடு உத்தமம்.

4. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தால் பெட்டி மார்பில் எங்கே இருக்குமோ, நிற்கும்போதும் அங்கேயே இருக்கவேண்டும். ஸ்டாண்டுக்காக நீங்கள் குனிந்தால், காசும் போச்சு, இடுப்பும் போச்சு.

5. பெட்டியில் துளை போடவோ திருகு ஏற்றவோ விடாதீர்கள். தட்டில் கம்பளித் துணி ஒட்டுங்கள். காலுக்கு, ஊன்றுகோலுக்குப் போடும் ரப்பர் புஷ் போதும்.

6. வாரைக் கழற்றிவிடாதீர்கள். தோளில் தளர்வாக இருக்கட்டும். ஸ்டாண்டு எடைக்கு, வார் பத்திரத்துக்கு.

7. மடித்தால் பஸ்ஸில் ஏறவேண்டும். முதுகைக் காப்பாற்ற வாங்கிய ஸ்டாண்டை முதுகில் சுமப்பது எந்த ஊர் நியாயம்?

ஒரு எச்சரிக்கை. வலி காலில் இறங்கி முழங்காலைத் தாண்டினாலோ, பாதம் மரத்துப்போனாலோ, கால் தளர்ந்தாலோ எந்த ஸ்டாண்டும் வைத்தியம் இல்லை. டாக்டரிடம் போங்கள். சிறுநீர் கட்டுப்பாடு தவறினால் அன்றைக்கே ஓடுங்கள்.

கண்டாச்சிபுரத்தில் ஒரு ராத்திரி

சொந்த ஊர்த் திருவிழாவில் முதல் அரங்கேற்றம். மூன்று கால் ஸ்டாண்டுக்குக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தார். பாதிப் பாட்டு கீபோர்டுக்கு, பாதிப் பாட்டு அக்கார்டியனுக்கு என்று தலைவரோடு ஒப்பந்தம். ஒரு பாட்டு நின்று, ஒரு பாட்டு உட்கார்ந்து. முன்போல மூன்று மணி நேரம் தொடர்ந்து வாசிப்பதில்லை. அந்த ஆசையை விட்டுவிட்டார்.

முன் வரிசையில் அம்மா. பாட்டு ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொண்டார். முடிந்ததும் கேட்டேன், "எப்படிம்மா இருந்தது?"

"கண்ணத் தொறந்தா பையன் தெரியறான். மூடினா அவங்க அப்பா வாசிக்கற மாதிரியே இருக்குது."

மகனைப் பார்த்ததும் குரல் மாறியது. "முதுகு எப்படிடா இருக்குது?"

"நல்லா இருக்குதும்மா."

நிஜமாகவே நன்றாகத்தான் இருக்கிறது. ஒரே ஒரு குறை. அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறும்போது கண்டக்டர் பெட்டியைப் பார்த்தார், மடித்த ஸ்டாண்டைப் பார்த்தார்.

"இன்னா சார், டி.வி.க்கு ஆன்டெனாவும் வாங்கிட்டியா? ரெண்டு லக்கேஜ்!"