ஒரு புள்ளியில் போன கோப்பை

கணக்குத் தாள் திருத்தும்போது, விடை தப்பாக இருந்தாலும் செய்முறை சரியாக இருந்தால் அரை மார்க் போடுவது எங்களைப் போன்ற ஆசிரியர்களின் வழக்கம். அந்த அரை மார்க்கிற்காகப் பிள்ளைகள் மேசைக்கு வந்து வாதாடுவதும் உண்டு. விளையாட்டுத் திடலில் இந்தச் சலுகை கிடையாது. காற்பந்தில் பந்து கம்பத்தை உரசிக்கொண்டு வெளியே போனால் போனதுதான். தலையில் கை வைத்துக்கொள்ளலாமே தவிர, யாரும் அரை கோல் தரமாட்டார்கள்.

ஆனால் அன்பர்களே, இப்படி அரை மார்க் போடுகிற ஆட்டம் ஒன்று ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. அந்த அரை மார்க்கினாலேயே கோப்பையைப் பறிகொடுத்த ஒரு குழுவின் கதை இது.

ஆஸ்திரேலியக் காற்பந்து என்று அதற்குப் பெயர். கிரிக்கெட் ஆடும் வட்டத் திடலிலேயே ஆடுகிறார்கள். உரிக்காத தேங்காய் போன்ற நீள்வட்டப் பந்து. ஒரு பக்கத்துக்கு 18 பேர். பந்தைக் கையால் பிடிக்கலாம், எடுத்துக்கொண்டு ஓடலாம், காலால் உதைக்கலாம். எறிவதற்கு மட்டும் தடை. ஒரு கையில் வைத்து மறு கை முஷ்டியால் குத்தித்தான் அனுப்ப வேண்டும். தேங்காய் வடிவப் பந்து தரையில் விழுந்தால் எந்தப் பக்கம் துள்ளும் என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

திடலின் ஒவ்வொரு கோடியிலும் நான்கு கம்பங்கள். வலையும் இல்லை, குறுக்குக் கட்டையும் இல்லை. நடுவிலுள்ள இரண்டு உயரமான கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்தால் கோல், 6 புள்ளி. கொஞ்சம் விலகி, நடுக் கம்பத்துக்கும் ஓரக் கம்பத்துக்கும் இடையே போனால் 'பிஹைண்ட்', 1 புள்ளி. நடுவே போகிற பந்தை எதிராளி விரல் நுனியால் தொட்டுவிட்டாலும் 1 புள்ளிதான். வெள்ளைக் கொடிகளோடு நிற்கும் கோல் நடுவர், கோலுக்கு இரண்டு கொடியும் பிஹைண்டுக்கு ஒரு கொடியும் வீசுவார். குறி தவறியதற்கும் கூலி உண்டு என்பது இந்த ஆட்டத்தின் தனிச் சட்டம்.

இனி மெல்பர்ன் நகருக்கு வருவோம். அங்கே காலிங்வுட் என்றொரு வட்டாரம். ஒரு காலத்தில் சப்பாத்துத் தொழிற்சாலைகள் நிறைந்த, உழைக்கும் மக்கள் வாழ்ந்த இடம். அந்த வட்டாரத்துக் குழு கறுப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாகப் போட்ட சட்டை அணியும். உயிரைக் கொடுக்கும் ரசிகர்களும் அதற்குத்தான் அதிகம். "காலிங்வுட் தோற்றால் சரி" என்று மகிழ்கிறவர்களும் அதற்குத்தான் அதிகம்.

1964-ல் அந்தக் குழுவுக்குப் பயிற்றுநராக வந்தவர் பாப் ரோஸ். ஆட்டக்காரராக இருந்த காலத்தில் 1953-ஆம் ஆண்டுக் கோப்பையைக் காலிங்வுட்டுக்கு வென்று கொடுத்தவர்களில் ஒருவர். வந்த முதல் வருடமே குழுவை இறுதியாட்டத்துக்குக் கொண்டு போனார். கடைசி நிமிடங்களில் காலிங்வுட்டின் கேபலிச் என்ற பேருருவம் படைத்த ஆட்டக்காரர், பந்தைத் தரையில் தட்டித் தட்டி, தடுமாறித் தடுமாறி நெடுந்தூரம் ஓடிக் கோல் போட்டார். காலிங்வுட் 2 புள்ளி முன்னிலை. அவ்வளவுதான், கோப்பை நம்முடையது என்று ரசிகர்கள் கூத்தாடிய வேளையில், மெல்பர்ன் குழுவின் குரோம்ப்டன் என்பவர் ஒரு கோல் போட்டுவிட்டார். தடுப்பாட்டக்காரரான அவருக்குக் கோல் பக்கம் வேலையே இல்லை! மெல்பர்ன் 64, காலிங்வுட் 60. இரு குழுவும் போட்ட கோல்கள் ஆளுக்கு 8. குறி தவறியவைதான் 16-க்கு 12.

இரண்டு வருடம் கழித்து, 1966 செப்டம்பர் 24. மறுபடி இறுதியாட்டம், மெல்பர்ன் கிரிக்கெட் திடலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கூட்டம். எதிரே செயிண்ட் கில்டா. 1897-ல் போட்டி தொடங்கிய நாள் முதல் ஆடியும் ஒரு முறைகூடக் கோப்பையைத் தொடாத குழு அது. கடைசி நேரத்தில் இரண்டு பக்கமும் 73. செயிண்ட் கில்டாவின் பேரி பிரீன், நெரிசலுக்கு நடுவே கிடைத்த பந்தை அவசரமாக உதைத்தார். அழகான உதை என்று அதை யாரும் சொல்லவில்லை. பந்து தள்ளாடிப் போய், தரையில் விழுந்து துள்ளி, கோலைத் தவறவிட்டு ஓரமாக உள்ளே உருண்டது. ஒரு கொடி. ஒரு புள்ளி. மிச்சமிருந்த நேரத்தில் காலிங்வுட் முட்டி மோதிப் பார்த்தது. செயிண்ட் கில்டாவின் பாப் மரே பந்தைத் தாவிப் பிடித்து வழியை அடைத்துவிட்டார். சங்கு ஊதியது.

செயிண்ட் கில்டா 10 கோல், 14 பிஹைண்ட், 74. காலிங்வுட் 10 கோல், 13 பிஹைண்ட், 73. இன்றுவரை செயிண்ட் கில்டா வென்ற ஒரே கோப்பை அதுதான். ஒரு குழுவின் நூறாண்டு வரலாற்றையே ஒரு தவறிய உதை தாங்கி நிற்கிறது.

பாப் ரோஸின் சோதனை அதோடு முடியவில்லை. 1970 இறுதியாட்டத்தைக் காண வந்தவர்கள் 1,21,696 பேர். இந்த ஆட்டத்துக்கு அத்தனை கூட்டம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பாதி ஆட்டத்தில் காலிங்வுட் 44 புள்ளி முன்னிலை. இடைவேளைக்குப் பின் கார்ல்டன் குழு இறக்கிய மாற்று ஆட்டக்காரர் டெட் ஹாப்கின்ஸ் நான்கு கோல் போட, காலிங்வுட் 10 புள்ளியில் தோற்றது. இம்முறை கணக்கு தலைகீழ். கம்பங்களை நோக்கிக் காலிங்வுட் போட்டது 31 முறை, கார்ல்டன் 26 முறைதான். ஆனால் காலிங்வுட்டின் 31-ல் 17 குறி தவறியவை. தவறு கூடினாலும் தோல்வி, குறைந்தாலும் தோல்வி என்றால் மனிதர் என்னதான் செய்வார்?

நான்கு, ஒன்று, பத்து. எட்டு வருடப் பயிற்சிக்குக் கிடைத்தது இவ்வளவே. 1974-ல் அவருடைய மகன் ராபர்ட், கிரிக்கெட்டிலும் காற்பந்திலும் பேர் வாங்கிய இளைஞன், கார் விபத்தில் சிக்கிக் கழுத்துக்குக் கீழே செயலிழந்து போனான். பாப் ரோஸும் மனைவியும் அந்த மகனை 25 வருடம், 1999-ல் அவன் இறக்கும்வரை, தாங்கிப் பிடித்தார்கள். இன்னொரு மகன் பீட்டர் இந்தக் குடும்பக் கதையை 2001-ல் நூலாக எழுதினார். ஒரு புள்ளித் தோல்வியை அந்த வீட்டில் எந்த அளவுகோலால் அளந்திருப்பார்கள் என்று நான் சில நேரம் நினைத்துப் பார்ப்பதுண்டு.

பாப் ரோஸ் 1985-ல் மறுபடி பயிற்றுநராக வந்தார். 1986-ல் தாமே விலகி, லீ மேத்யூஸ் என்ற இளையவரிடம் பொறுப்பைக் கொடுத்தார். அந்த மேத்யூஸ்தான் 1990-ல் காலிங்வுட்டுக்கு, 32 வருடம் கழித்து, கோப்பையைப் பெற்றுத் தந்தார். 2003-ல் பாப் ரோஸ் காலமானார்.

காலம் மாறியது. அந்நாள் ஆட்டக்காரர்களுக்கு வாரநாளில் வேறு வேலை இருந்தது. இப்போது ஆட்டமே முழுநேரத் தொழில். தேங்காய் வடிவப் பந்து மட்டும் மாறவில்லை. 2018 செப்டம்பர் 29. காலிங்வுட்டும் வெஸ்ட் கோஸ்டும் மோதின. பயிற்றுநர் நேதன் பக்லி. கோப்பை வெல்ல வேண்டும் என்ற ஆசையில் ஆட்டக்காரராக இருந்தபோது பிரிஸ்பேனை விட்டுக் காலிங்வுட்டுக்கு வந்தவர்; 2002, 2003 இறுதியாட்டங்களில் அதே பிரிஸ்பேனிடம் தோற்றவர். இந்த முறை காலிங்வுட் முதல் ஐந்து கோல்களையும் தானே போட்டது. முடிய இரண்டு நிமிடம்கூட இல்லாதபோது இன்னும் 2 புள்ளி முன்னிலை. அப்போது வெஸ்ட் கோஸ்டின் டாம் ஷீட், எல்லைக்கோட்டை ஒட்டிய மூலையில் பந்தைப் பிடித்தார். அந்தக் கோணத்தில் நின்று பார்த்தால் கம்பங்களுக்கு இடையே ஒரு விரற்கடைதான் தெரியும். உதைத்தார்; நடுவே போயிற்று. இரண்டு கொடி.

வெஸ்ட் கோஸ்ட் 79, காலிங்வுட் 74. கோல்களை எண்ணிப் பாருங்கள்: ஆளுக்கு 11. பிஹைண்ட் 13-க்கு 8. பக்லி 2021-ல் பதவியை விட்டுப் போனார், ஆட்டக்காரராகவும் பயிற்றுநராகவும் கோப்பையே காணாமல்.

அவருக்கு அடுத்து வந்தவர் கிரெய்க் மெக்ரே. 2002-ல் காலிங்வுட்டைத் தோற்கடித்த பிரிஸ்பேன் குழுவில் ஆடியவர்! 2023-ல் அவருடைய காலிங்வுட் இறுதியாட்டத்தில் பிரிஸ்பேனையே சந்தித்தது. அன்று காலைதான் அவருக்கு மகள் பிறந்திருந்தாள். மாலையில் பிரிஸ்பேன் 13 கோல் போட்டது; காலிங்வுட் 12 தான். ஆனால் பிஹைண்ட் எட்டுக்குப் பதினெட்டு. காலிங்வுட் 90, பிரிஸ்பேன் 86.

இந்த எண்களைப் பலகையில் எழுதிக் கூட்டச் சொன்னபோது, என் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "அப்போ அவங்க தப்பு செஞ்சுதான் ஜெயிச்சாங்களா சார்?" அரை மார்க் கேட்டு அடிக்கடி மேசைக்கு வருகிறவள் அவள். நான் பேச்சை மாற்றினேன்.

தோற்ற பிரிஸ்பேன் மறு வருடமே, 2024 இறுதியாட்டத்தில், சிட்னிக் குழுவை 60 புள்ளி வித்தியாசத்தில் வென்றது. அன்று பிஹைண்டுகளை யாரும் எண்ணவில்லை.