முதலமடை மாம்பழமும் தில்லிச் சட்டமும்: எல்லையோர லாரிகளின் கதை

புது தில்லி: நாட்டின் பல பகுதிகளில் மாமரங்கள் பிஞ்சுவிடும் பருவத்திலேயே தில்லி, மும்பை, ஆமதாபாத் சந்தைகளுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது முதலமடை மாம்பழம். 2,500 கி.மீ.க்கும் மேற்பட்ட தொலைவிலிருந்து அதைத் தில்லிக்குக் கொண்டு வருபவை லாரிகள். அவை எவ்வளவு எடை ஏற்றலாம், விபத்து நேர்ந்தால் ஓட்டுநருக்கு என்ன தண்டனை என்பதையெல்லாம் தீர்மானிப்பதும் தில்லிதான்.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், நெல்லியாம்பதி மலையடிவாரத்தில், பொள்ளாச்சியை ஒட்டிய எல்லைப் பகுதியில் உள்ளது முதலமடை. தமிழ் பேசும் மக்கள் கணிசமாக வாழும் ஊராட்சி இது. அல்போன்சா, பங்கனப்பள்ளி, செந்தூரம், கிளிமூக்கு எனப் பல ரகங்கள் இங்கு விளைகின்றன. இதே ஊராட்சியில் அடங்கிய பரம்பிக்குளத்துக்கு வாகனத்தில் செல்ல வேண்டுமானால், தமிழகத்தின் சேத்துமடை வழியாகவே செல்ல வேண்டும். எல்லையைக் கடப்பது இங்கு அன்றாட வாழ்க்கை.

ஒவ்வொரு சுமைக்கும் ஒரு வண்டி: தோப்பிலிருந்து பழம் புறப்படுவது சிறு வண்டியில். 2005-ல் அறிமுகமாகி, தமிழகத்தில் "குட்டியானை" எனப் பெயர் பெற்ற டாடா ஏஸ், பிக்-அப் போன்ற வாகனங்களே குறுகலான தோப்புப் பாதைக்குள் நுழைய ஏற்றவை. தரம் பிரித்துப் பெட்டிகளில் அடுக்கப்படும் பழம் அருகில் உள்ள நகரங்களுக்கு 407, ஐச்சர் போன்ற நடுத்தர வண்டிகளில் செல்கிறது. வட மாநிலங்களுக்கு என்றால் ஆறு சக்கர லாரியோ, "டாரஸ்" என அழைக்கப்படும் பத்துச் சக்கர லாரியோ தேவை. அதை நிரப்பும் அளவுக்குச் சிறு விவசாயியிடம் சரக்கு இராது. எனவே வியாபாரி பலரது பழங்களைச் சேர்த்தே ஏற்றுகிறார். பருவம் தவறிய மழையாலும் இலைப்பேன் தாக்குதலாலும் விளைச்சல் சரியும் ஆண்டுகளில், பெட்டிக்கு விழும் வாடகைச் சுமை மேலும் கூடுகிறது.

கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் எல்லைச் சாலைகளில் வேறு வண்டிகளும் ஓடுகின்றன. தமிழகத்திலிருந்து கேரளத்துக்குப் பாலைச் சுமக்கும் டேங்கர்கள், ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர்கள், பொள்ளாச்சி சந்தையில் வாங்கிய மாடுகளை ஏற்றிய லாரிகள் ஆகியவை அவை. மாடுகளை ஏற்றும் வண்டிகளில் ஒவ்வொரு மாட்டுக்கும் 2 சதுர மீட்டர் இடம் தடுத்து ஒதுக்க வேண்டும் என 2015-ல் மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டன.

எடையும் அபராதமும்: மோட்டார் வாகனங்கள் அரசியல் சட்டத்தின் பொதுப் பட்டியலில் உள்ளன. ஆயினும் அச்சு எடையின் உச்ச வரம்பை அறிவிப்பது மத்திய அரசு. 2018 ஜூலையில் அந்த வரம்பு உயர்த்தப்பட்டது. நான்கு டயர்கள் கொண்ட ஒற்றைப் பின் அச்சுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 டன் ஆனது. ஆறு சக்கர லாரியின் மொத்த எடை வரம்பு 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்ந்தது.

இதன் பலன் எல்லாச் சுமைக்கும் ஒன்றல்ல. கருங்கல்லுக்கு எடை மட்டுமே கணக்கு. மாம்பழத்துக்கோ அடுக்கின் உயரமும் காற்றோட்டமும் கணக்கு. மிகையாக அடுக்கினால் அடிப்பெட்டிப் பழம் நசுங்கும். தார்ப்பாய்க்குள் வெப்பம் தேங்கினால் வழியிலேயே பழுத்துவிடும்.

2019-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டப்படி, அதிக சுமைக்கான அபராதம் ரூ. 2,000-லிருந்து ரூ. 20,000 ஆனது. கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் ரூ. 1,000 என்பது ரூ. 2,000 ஆனது. மூன்று டன் மிகையாக ஏற்றினால் முன்பு ரூ. 5,000, இப்போது ரூ. 26,000. ஓட்டுபவரை மட்டுமன்றி, ஓட்டச் செய்பவரையும் அனுமதிப்பவரையும் இப்பிரிவு குறிப்பிடுகிறது. ஆனால், சாலையில் அதிகாரிகள் கை காட்டும்போது எதிரே நிற்பவர் ஓட்டுநர்தான்.

எளிதான எல்லை: ஒரு வகையில் பயணம் சுலபமாகியுள்ளது. 2010-ல் நடைமுறைக்கு வந்த புதிய தேசிய பெர்மிட் முறையில், ஒரே தொகுப்புக் கட்டணம் செலுத்தி நாடு முழுவதும் செல்ல வழி பிறந்தது. 2017-ல் சரக்கு மற்றும் சேவை வரி வந்ததும் மாநில எல்லைகளிலிருந்த வணிக வரிச் சோதனைச் சாவடிகள் மூடப்பட்டன. அழுகும் பொருளுக்கு மிச்சமாகும் ஒவ்வொரு மணி நேரமும் லாபமே.

ஓட்டுநரின் நிலை: 2023 டிசம்பரில் நிறைவேறிய பாரதிய நியாய சம்ஹிதாவின் 106(2) பிரிவு, உயிரிழப்பு விபத்தை ஏற்படுத்திவிட்டுத் தகவல் தராமல் தப்பிச் செல்லும் ஓட்டுநருக்கு 10 ஆண்டுகள் வரை சிறை என்றது. நின்றால் கூட்டத்தின் தாக்குதல், சென்றால் சிறையா எனக் கேட்டு, 2024 ஜனவரியில் பல மாநிலங்களில் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அதே ஆண்டு ஜூலை 1-ல் சட்டம் அமலுக்கு வந்தபோது இப்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது.

2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் நடுத்தர, கனரக லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதன வசதி கட்டாயம். வரவேற்கத்தக்க விதிதான். ஆனால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் லாரிகளை இது கட்டுப்படுத்தாது. கோடையைத் தாண்டிப் பழத்தைத் தில்லி சேர்க்கும் ஓட்டுநர்களில் பெரும்பாலோர் இன்னும் பல ஆண்டுகள் அந்தப் பழைய அறைகளில்தான் அமர்ந்திருப்பார்கள். எத்தனை டன் ஏற்றலாம் எனத் துல்லியமாக எழுதும் சட்டம், ஏற்றிச் செல்பவருக்கான ஓய்வையும் பாதுகாப்பையும் அதே கண்டிப்புடன் உறுதி செய்யுமா என்பதே நாடாளுமன்றத்தின் முன் எஞ்சியுள்ள கேள்வி.