குருவின்றிக் கற்ற வீணை

செங்கற்பட்டுச் சீமையின் சிற்றூர்களில், மாலை வேளையில் ஊராட்சி வானொலிப் பெட்டியைச் சுற்றி மக்கள் கூடியிருந்த காலம் ஒன்று உண்டு. மாமல்லபுரம் கடலோரத்து மீனவருக்கு அப்பெட்டி காற்றையும் மழையையும் முன்னறிவித்தது. கச்சேரி மண்டபங்களை எட்டிப் பாராத எளியோருக்கு அதுவே சங்கீத சபையாகவும் விளங்கிற்று.

சென்னையில் வானொலியின் வரலாறு 1924-இல் ஆர்வலர் சிலர் அமைத்த சங்கத்தோடு தொடங்குகிறது. பொருள் முடையால் அது நின்றுபோகவே, 1930-இல் மாநகராட்சி அப்பணியை ஏற்றது. 1938 ஜூன் 16-ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறந்தது. அந்நிலையம் ஆதரித்த இளங்கலைஞர்களுள் ஒருவரே பின்னாளில் ‘வீணை’ என்பதைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்ட எஸ். பாலசந்தர்.

1927 ஜனவரி 18-இல் மயிலாப்பூரில் பிறந்த இவர், 1934-இல் வெளிவந்த ‘சீதா கல்யாணம்’ திரைப்படத்தில் இராவணன் அவையில் கஞ்சிரா வாசிக்கும் சிறுவனாகத் தோன்றினார். அப்படத்தில் இராமனாக நடித்த அண்ணன் எஸ். ராஜமும் பின்னர் சென்னை வானொலியில் பணியாற்றிப் புகழ் பெற்றவரே.

பாலசந்தர் ஆர்மோனியம், தில்ருபா, சிதார் எனப் பல கருவிகளைத் தாமாகவே பழகினார். ஏறத்தாழ 15 வயதில் சென்னை வானொலியின் நிலையக் கலைஞரானார். அந்நாளில் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நேரடியாகவே ஒலிபரப்பாயின. பிழை நேர்ந்தால் திருத்திக்கொள்ள வழியில்லை. மூன்றாண்டுக் காலம் அப்பணியில் இருந்தது ஓர் இளைஞனுக்கு எத்தகைய பயிற்சி என்பதை நாம் உணரலாம்.

எனினும் பல கருவிகளைத் தொட்டுச் செல்வதில் அவர் உள்ளம் நிறைவடையவில்லை. கருநாடக இசையின் கமகங்களுக்கு உகந்தது வீணையே எனக் கண்டு, சிதாரைக் கைவிட்டார். வீணையின் 24 மெட்டுகள் மெழுகில் பதிக்கப்பட்டவை. வாசிப்பவர் ஒரே மெட்டில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து அடுத்தடுத்த சுரங்களை எழுப்ப வேண்டும். குரு ஒருவரிடமும் அமராமல் ஏறத்தாழ ஈராண்டுகளில் இக்கலையைக் கைவரப்பெற்றார். தந்தியை இழுத்து வாய்ப்பாட்டின் குழைவைக் கொணர்வதே அவர் பாணியின் தனிச்சிறப்பாயிற்று. வீணையின் நாதம் மென்மையானது, பெருங்கூட்டத்தில் அமிழ்ந்துவிடும். ஒலிவாங்கி அன்றோ அதனைக் குடிசை வரை கொண்டு சேர்த்தது!

திரையுலகமும் அவரை அழைத்தது. 1954-இல் அவர் இயக்கிய ‘அந்த நாள்’ பாடலும் நடனமும் இல்லாத தமிழ்ப்படமாக வந்து வியப்பூட்டியது. 1943-இல் சென்னையில் ஜப்பானியர் குண்டு வீசிய நாளில் நிகழும் அக்கதையின் நாயகன் ஒரு வானொலிப் பொறியாளன் என்பது சுவையான பொருத்தம். 1964-இல் ‘பொம்மை’ படத்தை இயக்கி, இசையும் அமைத்தார். 1970-இல் வெளிவந்த ‘நடு இரவில்’ படத்திற்குப் பின் வீணைக்கே தம்மை ஈந்தார். 72 மேளகர்த்தா இராகங்களையும் வீணையில் ஒலிப்பதிவு செய்தார். 1982-இல் பத்மபூஷண் விருது அவரை நாடி வந்தது.

தாம் மெய்யென்று நம்பியதைக் கடுஞ்சொல்லாயினும் உரைக்கத் தயங்காதவர் அவர். சுவாதித் திருநாளின் பெயரில் வழங்கும் உருப்படிகள் குறித்து அவர் எழுப்பிய வினாக்கள் இசையுலகில் பெரும் பூசலை விளைத்தன. அவர் முடிவுகளை ஏற்பாரும் மறுப்பாரும் உண்டு. ஆனால் அவர் விரல்களின் ஆற்றலை மறுத்தார் இலர். 1990 ஏப்ரலில், வீட்டிற்கு வெகுதொலைவில் பிலாய் நகரில் அவர் ஆவி பிரிந்தது.

நம் இல்லங்களிலும் பல திறம் படைத்த பிள்ளைகள் உளர். இன்று ஒன்று, நாளை வேறொன்று என அவர்கள் தாவும்போது பெற்றோர் சலித்துக்கொள்கின்றோம். தேடுவதும் ஒரு கல்வியே. அதனைத் தடுத்தல் தகாது. ஆயினும் தேடிக் கண்டடைந்தபின் ஒன்றில் ஊன்றி நிற்கும் உறுதியை அவர்களுக்கு ஊட்டுவது நம் கடமை. பல கருவிகளைப் பழகிய அந்தச் சிறுவன் ஒன்றைத் தேர்ந்து ஊன்றியதனாலன்றோ வீணை பாலசந்தர் ஆனார்!