ஒரே அளவுகோல், ஒரே வாய்ப்பு

போர் எதையெல்லாம் பறிக்கும் என்பதை நாம் அறிவோம். ஆகவே ஆயுதப் பயிற்சியைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. ஆயினும், “பெண்ணின் உடலால் இது இயலாது” என்று ஒரு கதவு மூடப்படும்போது, அந்தக் கூற்றைச் சோதித்துப் பார்த்த வரலாறொன்றை அறிந்திருப்பது நமக்குப் பயன் தரும்.

ஐக்கிய அமெரிக்க இராணுவத்தின் ரேஞ்சர் பாடசாலை கடும் பயிற்சிக்குப் பெயர்பெற்றது. 2 நிமிடத்தில் 49 தண்டால், 40 நிமிடத்தில் 5 மைல் ஓட்டம், முதுகில் பாரத்துடன் 3 மணித்தியாலத்தில் 12 மைல் நடை என்பன 2015இல் முதல் வாரச் சோதனைகளுட் சிலவாக இருந்தன. அதன்பின் காடு, மலை, சதுப்புநிலம் என இரு மாதங்கள்வரை பயிற்சி நீளும். உணவும் உறக்கமும் குறைவு.

2015 ஏப்ரலில் முதன்முறையாக 19 பெண்கள் இதிற் சேர்ந்தனர். 8 பேர் முதல் வாரத்தைத் தாண்டினர். அடுத்து, சிறு அணியொன்றைக் காட்டில் வழிநடத்தும் கட்டத்தில் எண்மரும் தேறவில்லை. காலாட்படையில் அதுவரை பெண்களுக்கு இடமிருக்கவில்லை. ஆண்கள் பலரோ அங்கு பழகி வந்தவர்கள். இதையும் நாம் கணக்கில் எடுக்க வேண்டும்.

மூவர் முதல் நாளிலிருந்து மீண்டும் தொடங்கினர். கிறிஸ்டன் கிறீஸ்ட், ஷே ஹேவர் இருவரும் ஆகஸ்ட் 21இல் தேறினர். 37 வயதான, இரு பிள்ளைகளின் தாய் லீசா ஜாஸ்டர் ஒக்டோபரில் தேறினார். அளவுகோல் குறைக்கப்படவில்லை என்று இராணுவம் கூறியது. எல்லாப் போர்ப் பணிகளும் பெண்களுக்குத் திறக்கப்படுமென அவ்வாண்டு டிசம்பரில் அறிவிக்கப்பட்டது.

உடல் வேறுபாடு பொய்யன்று. சராசரியாகப் பெண்களின் மேலுடல் வலு ஆண்களைவிடக் குறைவு. பழக்கமின்றிப் பாரம் சுமந்து நடந்தால் கால் எலும்பிலும் இடுப்பெலும்பிலும் நுண்முறிவு ஏற்படும் ஆபத்தும் பெண்களுக்கு அதிகம். படிப்படியான பயிற்சியும் போதிய உணவும் உடலுக்குப் பொருந்தும் முதுகுப்பையும் இவ்வாபத்தைக் குறைக்கும். போர்ப் பிரிவுகளில் பெண்களுக்கெனத் தாழ்ந்த அளவு வேண்டாமென 2021இல் கிறீஸ்டே எழுதினார். 2025இல் அப்பணிகளுக்கு இருபாலாருக்கும் ஒரே தகுதிப் புள்ளி வந்தது.

பெண் ஆணுக்கு நிகரா என்ற விவாதம் முடிவற்றது. இந்த வேலைக்கு எவ்வளவு வலு தேவை, அதைப் பெறப் பயிற்சியும் காலமும் தரப்படுமா என்ற இரு கேள்விகளுக்கு விடை உண்டு. எமது வடக்கில் கண்ணிவெடி அகற்றும் பணிக்குச் சென்ற பெண்களும் பயிற்சி பெற்றே அதைச் செய்தனர். “இது ஆண்களின் வேலை” என்று திருப்பி அனுப்பப்படும் சகோதரிகள் அந்த இரு கேள்விகளையும் தயங்காமல் கேட்கலாம்.